கிருமி இல்லாத சளிக்கும் சேதி உண்டு

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் விடவில்லையென்றால் அரசு மருத்துவமனை நம் கையில் ஒரு சளி டப்பாவைக் கொடுக்கும். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து காறி எடுத்துவர வேண்டும். காசநோய்க் கிருமி இல்லையென்றால் 'நெகட்டிவ்' என்று எழுதுவதோடு அந்தச் சளியின் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் 2016 கணக்கின்படி இந்தியாவில் சுமார் 5.5 கோடிப் பேருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் 3.8 கோடிப் பேருக்கு ஆஸ்துமாவும் இருந்தன. இவர்களுக்கு 'கிருமி இல்லை' என்பது பாதி பதில்தான். மீதிப் பதில் சளியிலுள்ள புரதங்களில் இருக்கிறது.

குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, மூச்சுக்குழாய் எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்று சொல்லும். உள்ளே எந்த வகை அழற்சி என்று சொல்லாது. ஈசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் மிகுந்தால் அவற்றின் புரதங்கள் சளியில் கூடும். அவற்றுள் ஒன்றான கலெக்டின்-10 இரு முனையும் கூரான ஊசிப் படிகமாக உறைவதும் உண்டு. நுண்நோக்கியில் தெரியும் இப்படிகத்தை 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்களே பார்த்துவிட்டார்கள். சார்க்கோ, லெய்டன் என்ற இருவரின் பெயர் அதற்கு உண்டு. நியூட்ரோஃபில் அணுக்கள் மிகுந்தாலோ, திசுவை அரிக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி கூடும். முதல் வகைக்கு ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும். இரண்டாம் வகைக்கு அவ்வளவாகக் கேட்காது. 2002-இல் பிரிட்டனில் 74 ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், சளியின் ஈசினோஃபில் எண்ணிக்கையைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்தவர்களுக்குக் கடுமையான மூச்சுத்திணறல் வெகுவாகக் குறைந்தது.

ரத்தப் பரிசோதனை போதாதா என்று கேட்கலாம். அது எளிது, மலிவு. ஆனால் வயிற்றில் புழு இருந்தாலும் ரத்தத்தில் ஈசினோஃபில் ஏறும். சளியோ நோயுள்ள இடத்திலிருந்தே வருகிறது. எல்லோருக்கும் சளி வராதே என்றால், செறிவான உப்புநீரை நுண்துளிகளாக இழுக்கச் செய்து வரவழைக்க முடியும். எச்சில் கலந்துவிடும் என்பதும் நியாயமான தயக்கம். அதற்காகத்தான் கெட்டிச் சளித் திவலைகளை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள். இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: கோழையைக் கரைக்கும் டைதியோதிரைட்டால் என்ற வேதிப்பொருள், அளக்க வேண்டிய புரதங்கள் சிலவற்றின் பிணைப்பையும் உடைத்துவிடும். எல்லா ஆய்வகத்துக்கும் ஒரே முறை வகுக்கப்படும் வரை, சளியின் புரதங்களை அளக்கும் சோதனை ஸ்பைரோமெட்ரிக்கு மாற்றாகாது, துணையாகும்.

ஆகவே இருமுகிற எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. மருந்தை ஒழுங்காக இழுத்தும் மூச்சு அடங்காதவர்களுக்குத்தான் தேவை. டப்பாவும் அதைக் கொண்டுவரும் பழக்கமும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. 'நெகட்டிவ்' என்று எழுதிய பிறகும் அந்தச் சளியிடம் கேட்க வேண்டிய கேள்விதான் பாக்கி.