கறுப்புச் சேலையில் ஒட்டிய வெள்ளைத் தும்பு

கடந்த ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி பின்னேரம். மறுநாள் சர்வதேச காணாமல் ஆக்கப்பட்டோர் தினம். அம்மா கிளிநொச்சிக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி அங்கே உறவுகளின் தொடர் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து, உடம்பு இடம்கொடுக்கும் போதெல்லாம் போய்வருகிறார். தம்பியின் படத்தைத் துடைத்து பையில் வைத்தாயிற்று. கொடியில் காய்ந்த கறுப்புச் சேலையை எடுத்து விரித்தபோதுதான் கண்டோம். சேலை முழுவதும் வெள்ளை வெள்ளையாகத் தும்பு.

“அவன் எப்பவும் துப்பரவாத்தான் திரிஞ்சவன். நான் இப்பிடி ஊத்தையாப் போய் அவன்ரை படத்தோட நிக்கேலாது பிள்ளை” என்றார் அம்மா.

அம்மாவிடம் இருப்பது அந்த ஒரு கறுப்புச் சேலைதான். அன்று காலை அதைச் சலவை இயந்திரத்தில் போட்டது நான். பதற்றத்தில் திரும்பவும் இயந்திரத்தில் போட்டு எடுத்தேன். தும்பு இன்னும் கூடியது. ஏன் அப்படி நடந்தது என்பதைப் பிறகு தேடிப் படித்தும், செய்து பார்த்தும் விளங்கிக்கொண்டேன். கறுப்பு உடுப்பை விசேட நாட்களுக்கென்று எடுத்து வைத்திருக்கும் வீடுகள் எங்களிடையே நிறைய உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

தும்பு என்பது துணியிலிருந்து அறுந்து கழன்ற சிறு நார்தான். துவாய், புதுச் சாரம், பழைய பருத்திப் பெனியன், போர்வை ஆகியவை தோய்க்கும்போது அதிகமாக நார் கழற்றும். பொலியெஸ்டர் கலந்த சேலை, காற்சட்டை, வெல்வெட் துணி போன்றவை அந்த நாரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளைத் துவாயிலிருந்து கழன்ற நார் வெள்ளைச் சட்டையிலும் ஒட்டத்தான் செய்கிறது. கறுப்பில் மட்டும் அது கண்ணுக்குத் தெரிகிறது. நான் செய்த பிழை இதுதான்: நார் கழற்றும் இரண்டு துவாயையும், நாரைப் பிடிக்கும் சேலையையும் ஒன்றாகப் போட்டேன்.

இரண்டாம் முறை ஏன் கூடியது? எங்களுடையது மேலே மூடி திறக்கும் இயந்திரம். அதன் உட்பக்கத்தில் தும்பைப் பிடிக்க ஒரு சிறு வலைப்பை இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து நான் அதைக் கழற்றிப் பார்த்ததே இல்லை. அது நிரம்பி வழிந்ததால், பிடித்த தும்பெல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே கலந்தது. ஒவ்வொரு முறை தோய்த்த பின்பும் அந்தப் பையை உட்புறம் வெளியே வரத் திருப்பிக் கழுவவேண்டும். வலை கிழிந்திருந்தால் மாற்றவேண்டும்.

கறுப்பில் தெரியும் வெள்ளை எல்லாம் தும்பு அல்ல. ஒரு துண்டு செலோரேப்பை ஒட்டி இழுத்துப் பாருங்கள். ரேப்போடு வந்தால் அது தும்பு. சிறு சிறு உருண்டையாகத் துணியைப் பிடித்துக்கொண்டு வராமல் நின்றால், அது அந்தத் துணியின் சொந்த நார் உரசித் திரண்டது. கூரான சிறு கத்தரிக்கோலால் பதமாக வெட்டத்தான் வேண்டும். ரேப்பில் வராமல், ஈரத் துணியால் துடைத்தால் மறைகிற சாம்பல் படிவு என்றால், அது சவர்க்காரம்.

இந்த மூன்றாவது யாழ்ப்பாணத்தில் சாதாரணம். எங்கள் குடாநாட்டு நிலத்தடியில் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதுதான். கட்டிச் சவர்க்காரம் கல்சியத்தோடு சேர்ந்தால் கரையாத ஒரு படிவாகித் துணியில் ஒட்டும். தும்பும் அதில் பிடித்துக்கொள்ளும். சவர்க்காரத் தூளுக்கு இந்தக் குறை குறைவு. ஆனால் தூளை முதலில் கொஞ்சம் இளஞ்சூட்டு நீரில் முழுதாகக் கரைத்துவிட்டே ஊற்றவேண்டும். கடைசி அலசலில் ஒரு வாளித் தண்ணீருக்கு அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி விட்டால் படிவு குறையும். வினாகிரியை ஒருபோதும் குளோரீன் உள்ள வெளிற்றும் திரவத்தோடு கலக்கவேண்டாம், நச்சுவாயு வரும். மழைத்தண்ணீர் சேர்த்து வைத்திருந்தால் கறுப்பை அலச அதைவிட நல்லது இல்லை.

தும்பு வராமல் தடுக்க இப்போது எங்கள் வீட்டில் செய்வது இவ்வளவுதான். கறுப்பைக் கறுப்போடு மட்டும் போடுகிறோம். உட்பக்கம் வெளியே வரத் திருப்பிவிடுகிறோம். சட்டைப் பைகளைத் தடவிப் பார்க்கிறோம். மறந்துபோன ஒரு பஸ் ரிக்கெற் போதும், முழுவதையும் கெடுத்துவிடும். இயந்திரத்தைப் பாதிக்குமேல் நிரப்புவதில்லை. தண்ணீர் தாராளமாக ஓடினால்தான் நார் அடித்துப் போகும். துவாய் தோய்த்த கையோடு கறுப்பைப் போடுவதில்லை. காய விடுமுன் நன்றாக உதறி, நிழலில் போடுகிறோம். வெயில் கறுப்பை வெளிறச் செய்யும். சோளகம் வீசும் மாதங்களில் ஒழுங்கைப் பக்கம் உள்ள கொடியில் போடுவதில்லை. அந்தப் புழுதியும் துணியில் வந்து ஒட்டும்.

ஒட்டிவிட்டால் திரும்பத் தோய்க்க ஓடவேண்டாம். நன்றாகக் காயட்டும். செலோரேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கக் கையில் சுற்றி, ஒற்றி ஒற்றி எடுங்கள். பெரிய இடமென்றால் இறப்பர் கையுறையைச் சற்று ஈரமாக்கி, ஒரே திசையில் தடவுங்கள். தும்பு திரண்டு ஓரத்துக்கு வரும். முன்னும் பின்னும் தேய்த்தால் துணிதான் பழுதாகும்.

அன்றிரவு நாங்கள் செய்தது அதைத்தான். சேலையை மேசையில் விரித்து, அம்மா ஒரு பக்கமும் நான் மற்றப் பக்கமுமாக இருந்து எடுத்தோம். ஒரு ரேப் சுருள் முடிந்தது. அப்போதுதான் அம்மா சொன்னார்:

“முகாமில ரெண்டு வாளித் தண்ணிதான். அப்பவும் கறுப்பை நான் மற்றதோட போட்டதில்லை. சாயம் போகுமெண்டு தனியத்தான் தோய்ச்சனான்.”

சாயத்துக்காக அவர் வைத்திருந்த பழக்கம் தும்புக்கும் காவலாக இருந்திருக்கிறது. இயந்திரம் வந்ததும் நான்தான் அதை விட்டுவிட்டேன். அவரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

விடிய ஐந்து மணிக்கு அம்மா அந்தச் சேலையோடு பஸ் ஏறினார். தம்பியின் படம் அவர் மடியில் இருந்தது. சேலையில் ஒரு தும்பும் இல்லை.