தோட்டத்து நாய்க்கு என்ன பெயர் வைக்கலாம்? சாதுவான நாய் வளர்ப்போருக்குச் சில யோசனைகள்

தோட்டம், தொழுவம், ஆட்டுப்பட்டி உள்ள வீடுகளுக்கு நடுத்தர உயரமுள்ள சாதுவான நாய் நன்றாக ஒத்துவரும். 15 முதல் 20 கிலோ வரை எடையுள்ள நம் நாட்டு நாய்களில் இந்தக் குணம் கொண்டவை ஏராளம். தீனிச் செலவு குறைவு. குட்டியிலிருந்தே பழக்கினால் ஆடு, கோழிகளைத் துரத்தாது. வேலையாட்கள் வந்து போகவும் இடைஞ்சல் இருக்காது.

இப்படிப்பட்ட நாயைப் பகலில் பெரும்பாலும் கட்டிப் போடுவதில்லை. அவிழ்த்து விட்ட நாயைத் தூரத்திலிருந்து நிறுத்த நம்மிடம் இருக்கும் ஒரே கயிறு அதன் பெயர்தான். எலிக்கு வைத்த விஷ உணவை மோப்பம் பிடிக்கும்போதும், வரப்பில் பாம்பை நெருங்கும்போதும், மருந்து தெளித்த வயலுக்குள் இறங்கும்போதும், ஒரு குரலுக்குத் திரும்பி வரும் நாய் பிழைத்துக்கொள்ளும். ஆகவே பெயரை அழகுக்காக மட்டும் பார்க்காமல், வேலைக்கு உதவுமா என்றும் பார்க்க வேண்டும்.

பெயர் எப்படி இருக்க வேண்டும்?

சிறிய பெயராக, இரண்டு அசையில் முடிந்தால் நல்லது. மணி, ராஜா, ஜிம்மி, டாமி போன்ற பெயர்கள் தலைமுறை தாண்டியும் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது கடைசி எழுத்தை நாம் நீட்டுவோம். மணி ‘மணீ...’ ஆகும், ராமு ‘ராமூ...’ ஆகும். எனவே உயிரோசையில் முடியும் பெயர் வயல்வெளிக்குப் பொருத்தம். ‘ராக்’, ‘ஜாக்’ போன்ற பெயர்களை நீட்ட முடியாது. வீட்டில் ஒரு மாதிரியும், வயலில் ‘ஜாக்கூ’ என்று வேறு மாதிரியும் கூப்பிட்டால் நாய் குழம்பும்.

நீங்கள் இடும் கட்டளையோடு பெயர் மோதக் கூடாது. ‘நீலா’ என்று பெயர் வைத்தால் ‘நில்லு’ என்பதோடு குழம்பலாம். ‘போலோ’ என்ற பெயர் ‘போ’ என்றே தொடங்குகிறது. ‘வாலி’யில் ‘வா’ இருக்கிறது. ஆடு, கோழிகளைக் கூப்பிட உங்கள் வீட்டில் எழுப்பும் ஒலியையும் தவிர்த்துவிடுங்கள். செவலை, மயிலை என்று மாட்டுக்குப் பெயர் இருந்தால் நாய்க்கு அதே பெயர் வேண்டாம். பக்கத்துத் தோட்டத்து நாயின் பெயரும் வேண்டாம். அவர்கள் கூப்பிடும்போதெல்லாம் உங்கள் நாயும் ஓடும்.

எந்தப் பெயர்களைத் தவிர்க்கலாம்?

அக்கம்பக்கத்தார், உறவினர், தலைவர்கள், குலதெய்வம் ஆகியோரின் பெயர்களைத் தவிர்ப்பது நல்லது. நாயை அதட்டும் சத்தம் நாலு வீடு கேட்கும். விளையாட்டாக வைத்த பெயர், வரப்புத் தகராறு இருக்கும் இடத்தில் வீண் சண்டையாக முடியும்.

சாதுவான நாய்க்குப் பயமுறுத்தும் பெயரும் தேவையில்லை. பெயரால் நாயின் குணம் மாறாது. ஆனால் பெயரைக் கேட்கும் மனிதர்களின் நடத்தை மாறும். ‘புலி’ என்று கேட்டதும் புதிதாக வந்த வேலையாள் கையில் கல் எடுத்தால், சாதுவான நாயும் மிரண்டு கடிக்கக்கூடும்.

நம் நிலத்திலேயே நல்ல பெயர்கள் இருக்கின்றன. கறுப்பு நாய்க்கு எள்ளு, மஞ்சள் கலந்த பழுப்பு நாய்க்குத் தினை, வெள்ளை நாய்க்கு மல்லி, உருண்டையான குட்டிக்கு நுங்கு எனச் சூட்டலாம். வரகு, சாமை, வேம்பு போன்றவையும் அமைதியான நாய்க்குப் பொருந்தும். ‘கம்பு’ மட்டும் யோசித்து வையுங்கள். ‘கம்பை எடு’ என்று யாராவது சொன்னால் நாயும் எழுந்து வரும்!

பெயரைப் பழக்குவது எப்படி?

1. வீட்டில் எல்லோரும் ஒரே பெயரை ஒரே மாதிரி சொல்ல வேண்டும். செல்லப் பெயர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. பெயரை ஒரு முறை மட்டும், மென்மையாகச் சொல்லுங்கள். நாய் திரும்பிப் பார்த்தவுடன் வேகவைத்த முட்டையில் சிறு துண்டு கொடுங்கள். ஒரு நேரத்துக்கு 5 நிமிடம், நாளைக்கு 3 முறை போதும்.

3. முதலில் வீட்டு வாசலில், அடுத்துத் தொழுவத்தில், பிறகு வயலில் என்று தூரத்தைக் கூட்டுங்கள்.

4. திட்டும்போது பெயரைச் சொல்லாதீர்கள். குளிப்பாட்டவோ, மருந்து கொடுக்கவோ, சங்கிலியில் கட்டவோ பெயர் சொல்லி அழைக்காமல், நீங்களே அருகில் சென்று பிடியுங்கள். சாது நாய்கள் அதட்டலுக்குச் சீக்கிரம் ஒடுங்கும். பெயர் கேட்டால் தண்டனை என்று மனதில் பதிந்துவிட்டால், ஆபத்து நேரத்தில் அது வராது.

5. பெரிய நாயை வேறு இடத்திலிருந்து வாங்கி வந்திருந்தால், சில நாட்கள் புதுப் பெயரைச் சொல்லி உடனே பழைய பெயரையும் சொல்லுங்கள். பிறகு பழையதை மெல்ல விட்டுவிடலாம்.

கூப்பிட்டும் வரவில்லையா?

அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பின்னணிப் பேச்சுச் சத்தம் பெயரைச் சொல்லும் குரலுக்குச் சமமாக இருந்தபோதும் நாய்கள் தங்கள் பெயரை அடையாளம் கண்டுகொண்டன. சத்தம் குரலை மிஞ்சியபோது அவற்றால் முடியவில்லை. ஆகவே மோட்டாரோ டிராக்டரோ ஓடும்போது நாய் வராவிட்டால் அதை அடங்காத நாய் என்று அடிக்காதீர்கள். அருகில் போய்க் கூப்பிடுங்கள்.

அமைதியான இடத்திலும் திரும்பிப் பார்க்காவிட்டால் காதைச் சோதியுங்கள். உண்ணி, சீழ், துர்நாற்றம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் தேதியில் அடுத்த ஊசியையும், பிறகு ஆண்டுதோறும் தவறாமலும் போடுங்கள். தடுப்பூசி அட்டையில் நாயின் பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாய்கள் உள்ள வீட்டில் எதற்கு ஊசி போட்டோம், எதற்குப் போடவில்லை என்ற குழப்பம் அதனால் தீரும்.