ராத்தாவின் கைகளும் டுபாய் சொக்லேட்டும்

கல்முனைப் பக்கத்துச் சின்னக் கடைகளுக்கு வீடியோ எடுத்துக் கொடுப்பது என் தொழில். சொந்த ஊர் காரைதீவு. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் பிரதான வீதியை ஒட்டியிருக்கிற துணிக்கடைகள், பேக்கரிகள், தயிர் விற்பவர்கள், வீட்டு அடுப்படியில் கேக் செய்து விற்கும் பெண்கள் இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். முதல் சந்திப்பில் அநேகமாக எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்வார்கள். போனைத் திறந்து, அந்த வாரம் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோவொரு ரீல்ஸைக் காட்டி, "இது மாதிரியே எங்களுக்கும் ஒண்டு எடுத்துத் தாங்க" என்பார்கள்.

அந்த ஆசையில் தப்பே இல்லை. ட்ரெண்ட் ஆகிவிட்ட ஒன்றைச் சனங்கள் ஏற்கனவே பார்த்துப் பழகியிருக்கிறார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதால் விரலால் தள்ளிவிடாமல் நின்று பார்க்கிறார்கள். விளம்பரத்துக்குக் காசில்லாத கடைக்கு இது பெரிய உதவி. ஆனால் 2021இல் யொஹானி பாடிய 'மெனிக்கே மகே ஹித்தே' ஓடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். எந்தக் கடை வீடியோவைத் திறந்தாலும் பின்னால் அந்தப் பாட்டுத்தான். பாட்டு இன்றைக்கும் காதில் நிற்கிறது. அதைப் போட்டு விளம்பரம் செய்த கடைகளில் ஒன்றின் பெயராவது நினைவிருக்கிறதா? அதனால்தான் யாராவது போனை நீட்டினால், இந்த வீடியோ ஆளை ஏன் நிறுத்திவைக்கிறது என்று முதலில் தேடுகிறேன். அந்தக் காரணம் பிடிபட்டுவிட்டால், பாட்டையும் ஆட்டத்தையும் வசனத்தையும் தாராளமாகக் கழற்றிப் போட்டுவிடலாம்.

டுபாய் சொக்லேட்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். சாரா ஹமூதா என்பவர் டுபாயில் 2021இல் தொடங்கிய ஃபிக்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் தயாரிப்பு அது. உள்ளே பிஸ்தா விழுது, எள் விழுது, நூல் நூலாக இருக்கும் கத்தாயிஃப் மாவின் மொறுமொறுப்பு. 2023 டிசம்பரில் ஒரு பெண் காருக்குள் இருந்தபடி அதைக் கடித்துச் சாப்பிடும் வீடியோவை டிக்டொக்கில் போட்டார். அடுத்த வருடம் முடிவதற்குள் உலகத்தின் எல்லா மூலைகளிலும் அதே சொக்லேட்டை வேறு வேறு ஆட்கள் செய்தார்கள். வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் பெட்டிக்குள் வைத்து நம் கரைக்கும் கொண்டுவந்தார்கள்.

சாய்ந்தமருதில் வீட்டிலேயே இனிப்பு செய்து விற்கும் ஒரு ராத்தா என்னைக் கூப்பிட்டார். "புள்ள, டுபாய் சொக்லேட் வீடியோ ஒண்டு எடுக்கணும். ஆனா எண்ட முகம் வரப்படாது. குரலும் வாணாம். பாட்டும் வாணாம்." முகம், குரல், பாட்டு மூன்றும் இல்லையென்றால் ட்ரெண்டில் மிச்சம் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நான் அந்தப் பழைய வீடியோவைச் சத்தத்தைக் கூட்டி வைத்து மறுபடி பார்த்தேன். ஆளை நிறுத்திவைப்பது இரண்டு விஷயங்கள்: தடித்த கட்டி உடையும் சத்தம், உடைந்த வாயிலிருந்து வழியும் பச்சை நிறம். இரண்டுக்கும் முகம் தேவையில்லை.

கத்தாயிஃப் இங்கே கிடைப்பது கஷ்டம், பிஸ்தாவோ கைக்கெட்டாத விலை. ராத்தா சேமியாவை நெய்யில் பொன்னிறமாக வறுத்து, முந்திரிப்பருப்பை விழுதாக அரைத்து, கொஞ்சம் ஏலக்காய் போட்டுச் செய்தார். தின்று பார்த்தேன், அது தனியான ஒரு பண்டம். "இதுக்கு டுபாய் எண்டு பேர் வைக்க வாணாம் ராத்தா, உள்ளுக்க பிஸ்தா இல்லையே" என்றேன். அவருக்கும் அது சரியாகப் பட்டது. இல்லாத ஒன்றைப் பெயரில் சொல்லி விற்பதை அவர் தொழில் தர்மமாக மட்டும் பார்க்கவில்லை, ஹலால் ஹறாம் கணக்காகவே பார்த்தார். சேமியா சொக்லேட் என்றே எழுதினோம்.

படம் பிடித்தது இஷாத் தொழுகை முடிந்து தெரு அடங்கிய பிறகு. மின்விசிறியை நிறுத்தினோம், குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கையும் கழற்றினோம். அந்த முனகல் சத்தம் மைக்கில் விழுந்தால் உடையும் சத்தம் அமுங்கிவிடும். போனைக் கட்டியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். நீளக்கை உடுப்போடு இரண்டு கைகள், நீலக்கரை வைத்த எனாமல் தட்டு, வலது கையில் பச்சைக்கல் மோதிரம். முதல் செக்கனிலேயே 'டக்' என்று உடைந்தது. தட்டில் சேமியா உதிர்ந்தது. மொத்த வீடியோவும் 20 செக்கனுக்குள் முடிந்தது.

அதற்குப் பிறகு வட்டிலப்பம், தொதல், நோன்புக்காலத்துப் பலகாரம் என்று எத்தனையோ எடுத்துவிட்டோம். ட்ரெண்ட் ஒவ்வொரு தடவையும் வேறு. தட்டும் மோதிரமும் மாறவே இல்லை. சந்தையில் எங்கோ தூரத்து ஊர்ப் பெண் ஒருவர் அந்த மோதிரத்தைப் பார்த்து, "நீங்கதானே அந்தச் சேமியா சொக்லேட்?" என்று ராத்தாவைக் கேட்டிருக்கிறார். பிராண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்கள் லோகோவையும் விசிட்டிங் கார்டையும் நினைக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்து, பெயரைப் பார்க்காமலே இன்னாருடையது என்று காட்டிக்கொடுப்பது எதுவோ அதுதான் பிராண்ட். ராத்தாவின் விடயத்தில் அது ஒரு மோதிரம். நம் பக்கத்துப் பெண்கள் பலர் முகம் காட்ட விரும்பாததைக் குறையாகப் பேசுகிறவர்களிடம் இதைத்தான் காட்டுகிறேன். ஆயிரம் முகங்கள் சிரிக்கும் திரையில் கைகள் மட்டும் வரும் வீடியோ தானாகவே தனித்துத் தெரியும்.

ட்ரெண்டுகள் நம்மிடம் வந்து சேரும் வழியையும் சொல்ல வேண்டும். இந்தியா 2020 ஜூன் 29இல் டிக்டொக்கைத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டகிராம் அங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது, செப்டெம்பரில் யூடியூப் சோர்ட்ஸ் வந்தது. இலங்கையில் டிக்டொக் நிற்கவில்லை. ஆகவே தமிழ்நாட்டுப் பாட்டும் சினிமா வசனமும் நமக்கு ரீல்ஸ், சோர்ட்ஸ் வழியாக வருகின்றன. வளைகுடா, மலேசியா, ஐரோப்பாப் பக்கத்துச் சங்கதிகள் டிக்டொக் வழியாக வருகின்றன. இரண்டு வாசலும் திறந்திருக்கிற ஊர் நம்முடையது. சென்னைக் கடைக்காரர் இன்னும் பார்க்காத ஒன்றை நாம் முந்திக்கொண்டு நம் பாணியில் செய்துவிடலாம்.

எல்லா ட்ரெண்டும் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. 2023 ஒக்டோபர், நவம்பரில் இந்தியா முழுக்க ஓடிய 'ஜஸ்ட் லுக்கிங் லைக் எ வாவ்' டில்லியில் சுடிதார் விற்கும் ஜஸ்மீன் கௌர் என்ற பெண்ணின் வாயிலிருந்து வந்தது. அவர் ட்ரெண்டை உத்தேசித்துப் பேசவில்லை. துணியை விரித்து விரித்து, லைவில் நாள்தோறும் பேசும் வியாபாரப் பேச்சு அது. தீபிகா படுகோன் வரை அதற்கு வாயசைத்தார்கள், பெரிய பெரிய நிறுவனங்கள் தங்கள் பொருளை அந்தக் குரலுக்குள் வைத்தன. மாளிகைக்காட்டில் மீன் ஏலம் கூறுபவரின் வேகத்தைக் கேட்டிருப்பீர்கள். தயிர்ச்சட்டியைத் தட்டிக் காட்டி விலை சொல்பவரையும் கேட்டிருப்பீர்கள். யாரும் எழுதிக்கொடுக்காத அந்தப் பேச்சை வெட்டாமல் அப்படியே பதிவு செய்யச் சொல்லி நான் கடைக்காரர்களிடம் மன்றாடுகிறேன். கமெராவைக் கண்டதும் செய்தி வாசிப்பவர் தமிழுக்கு மாறிவிடுகிறார்களே என்பதுதான் என் மனக்குறை.

2024இல் இங்கிலாந்தில் இன்னொன்று கிளம்பியது. ஒக்ஸ்போர்ட்ஷயரில் ஃபைஃபீல்ட் மேனர் என்ற பழைய மாளிகை விடுதியிலும், நோதம்பர்லண்ட் மிருகக்காட்சிச்சாலையிலும், வயதில் மூத்தவர்களிடம் இளசுகளின் கொச்சையில் எழுதிய விளம்பரத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் வாசித்தார்கள். உலகமே அதைத் திருப்பிச் செய்தது. மருதமுனையில் கைத்தறிச் சாரன் நெய்யும் குடும்பத்துப் பேரனும் அதைக் காட்டி, தன் மூத்தாப்பாவை வைத்து அப்படியொன்று எடுக்கக் கேட்டான். அவன் எழுதிக்கொண்டு வந்ததில் பாதி சென்னைப் படத்து வசனம். மூத்தாப்பாவின் நாக்குக்கு அது வசப்படவில்லை. கேட்கிறவர்களுக்கும் அது அவருடைய வீட்டுப் பேச்சாகப் பட்டிருக்காது. வீட்டில் பேரப்பிள்ளைகள் தங்களுக்குள் பேசும் சொற்களை மட்டும் வைத்து எழுதச் சொன்னேன். "இது வேற லெவல் சாரன் மச்சான்" என்று தொடங்கியது. மூத்தாப்பா தாளைக் கீழே வைத்துவிட்டார். "மச்சான் எண்டு நான் ஆரைச் சொல்ற? பாக்கிறவன் எண்ட மருமகன் வயசுக்காரன்." "அப்ப மருமகன் எண்டே சொல்லுங்க மூத்தாப்பா" என்றான் பேரன். "இது வேற லெவல் சாரன், மருமகன். கழுவிப்போட்டாலும் சாயம் போகாது, சும்மா கெத்தா இருக்கும்" என்று, மாப்பிள்ளைக்குப் பேசப்போன இடத்தில் பேசும் அதே மரியாதையோடு அவர் சொல்லி முடித்தார். அந்த 'மருமகன்' என்ற ஒரு சொல்லில் இங்கிலாந்து முழுவதாகக் கரைந்து மருதமுனையாகிவிட்டது. பிறகு கடைக்கு வந்த பெடியன்கள் எல்லாம் "மாமா, அந்த வேற லெவல் சாரனைக் காட்டுங்க" என்றுதான் உள்ளே நுழைந்தார்களாம்.

எங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில் அவர் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எடுத்துக்கொண்டு, தமிழ் நாடக மரபுக்குள் வைத்து விளக்கினார். பெரிய ஆளின் பெரிய வேலை அது. சாரன் வீடியோவை அதோடு ஒப்பிட வரவில்லை. வெளியிலிருந்து வாங்கி நம்முடையதாக்கும் பழக்கம் இந்த மண்ணுக்கு இன்று நேற்று வந்ததல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தச் சாரன் வீடியோவுக்கும் பாட்டு வைக்கவில்லை. தறியில் நாடா ஓடி, பலகை அடிக்கும் சத்தம் ஒரே தாளத்தில் விழும். பாட்டின் அடிக்குப் படத்தை வெட்டுவது எல்லோரும் செய்வது. நாங்கள் தறியின் அடிக்கு வெட்டினோம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வியாபாரக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு டிக்டொக்கும் இன்ஸ்டகிராமும் எல்லாப் பாட்டையும் கொடுப்பதில்லை. வணிகப் பாவனைக்கு அனுமதி பெற்ற பாடல்கள் தனித் தொகுப்பாக இருக்கின்றன. சொந்தக் கணக்கில் பிரபலப் பாட்டைப் போட்டுச் சாமான் விற்பது உரிமை மீறலில் போய் முடியலாம். 2024இல் சோனி மியூசிக் மேரியட் ஹோட்டல் நிறுவனத்தின் மீதும், 2025 ஏப்ரலில் வார்னர் மியூசிக் க்ரம்பிள் என்ற அமெரிக்க பிஸ்கட் நிறுவனத்தின் மீதும் இப்படியான வீடியோக்களுக்காகவே வழக்குப் போட்டன. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. கல்முனைக் கடையைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்பது ஒரு சமாதானம்தான். ஆனால் பாட்டு நீக்கப்பட்டு வீடியோ ஊமையாகிப் போவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். தறிச் சத்தத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது.

தொடவே கூடாத ட்ரெண்டுகளும் உண்டு. ஒரு கடைக்காரத் தம்பி, பெரிய அலை எழுந்து கடையை மூடுவதுபோல் ஏஐயில் செய்த வீடியோவைக் கொண்டுவந்து, "விலைக்கழிவு அலை" என்று போடலாமா என்று கேட்டார். அவர் 2004க்குப் பிறகு பிறந்தவர். அந்த வருடம் டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டம் மட்டும் 10,000 பேருக்கு மேல் பறிகொடுத்தது. இலங்கையில் ஆகக் கூடிய உயிரிழப்பு எங்கள் கரையில்தான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எங்கும் அந்த அலை போகாத வீடில்லை என்று சொல்லலாம். அமெரிக்காவில் அந்த ஏஐ அலை வேடிக்கை எஃபெக்டாக இருக்கலாம், இங்கே ஒரு உம்மாவின் போனில் அது வந்து விழக்கூடாது. தம்பி தன் வாப்பாவிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, தானாகவே அதை விட்டுவிட்டார். பாங்கு சத்தம், கண்ணகி அம்மன் கோயில் சடங்குப் பாடல் இவற்றைப் பின்னணியாக்கும் யோசனைகளையும் நான் கதவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

போடும் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் வாடிக்கையாளர்களின் காசு கொடுத்து வாங்கும் ரசிகர்களில் பாதிப்பேர் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். உம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக், தங்கச்சிக்குப் பெருநாள் உடுப்பு என்று அங்கிருந்து ஓடர் செய்து வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். இரவு பத்தரைக்குப் போட்டால் தோஹாவில் எட்டு மணி, வேலை முடிந்து அறைக்கு வந்து போனை எடுக்கும் நேரம். வெள்ளி ஜும்ஆ நேரத்தில் போடுவதில்லை.

பார்வைக் கணக்கைப் பற்றி ஒரு தயிர்க்கடைக்காரரிடம் நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. தயிர்ச்சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிக்கும் அவருடைய வீடியோ தமிழ்நாட்டில் பயங்கரமாக ஓடியது. அத்தனை பேரும் பார்த்தார்கள், ஒருவர்கூட ஒரு சட்டி வாங்கவில்லை. எப்படி வாங்குவார்கள், கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்? ஆகவே கவிழ்க்கும் ட்ரெண்டை விடாமல், அவருடைய கடைக்கு ஏற்றபடி மாற்றினோம். இப்போது சட்டியைக் கவிழ்ப்பது வாங்குகிறவரின் வீட்டு வாசலில், அந்த வீட்டுப் பிள்ளையின் கையால். கடைசி மூன்று செக்கனில் பெரிய எழுத்தில், பட்டன்களும் தலைப்பும் வந்து மறைக்காத மேல்பாதியில், வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் ஊர்களை எழுதிவிடுகிறோம்: மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். சம்மாந்துறைக்கு வெள்ளிக்கிழமை மட்டும்.