முதல் துப்பாக்கி: வாங்குமுன் சில விளக்கங்கள்

கொச்சங்காடியில் மலஞ்சரக்கு வியாபாரம் செய்யும் நம்மவர்களில் சிலருக்கு இடுக்கிப் பக்கம் தோட்டம் உண்டு. அவர்களில் ஒருவர் சென்ற மாதம், "அண்ணாச்சி, காட்டுப்பன்னி தொல்லை தாங்கலை. துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. 1933-இல் சாலிம் அலி கொச்சி, திருவிதாங்கூர் காடுகளில் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தே தம் ஆய்வை நடத்தினார். அவர் சுற்றிய தட்டேக்காடு 1983-இல் பறவைகள் சரணாலயமாகி, இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. காலம் அப்படி மாறிவிட்டது! விளைநிலத்தை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு மட்டும் கேரள அரசு 2022-இல் ஒரு வழி வகுத்தது. உள்ளாட்சித் தலைவரின் உத்தரவு பெற்று, பட்டியலில் பெயருள்ள உரிமம் பெற்றவர் சுடலாம். இத்தகைய உத்தரவுகளுக்குக் கால வரம்பு உண்டு. ஆகவே அன்றன்றைய நிலையைப் பஞ்சாயத்தில் கேட்டறிவது அவசியம்.

துப்பாக்கி வைத்திருக்க 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உரிமம் கைக்கு வந்த பிறகே கடைக்குப் போக வேண்டும். ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்று இருந்ததை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது.

இனி தேர்வுக்கு வருவோம். "12 போர்" என்கிறோமே, அது என்ன கணக்கு? ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அது 12 போர். அதன் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அதே ஈயத்தை 20 உருண்டைகளாக்கினால் 20 போர். எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும்.

முதல் துப்பாக்கிக்கு 12 போர் ரெட்டைக்குழலே ஏற்றது என்பேன். தோட்டா எளிதில் கிடைக்கும். மடக்கித் திறந்தால் தோட்டா உள்ளே இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். பழகாத கைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

இதை நான் ஏட்டுப் படிப்பாகச் சொல்லவில்லை. என் மாமா தோட்டத்து வீட்டில் 12 போரும் 20 போரும் இருந்தன. தோட்டாக்கள் ஒரே பைக்குள் கிடந்தன. ஒரு ராத்திரி அவசரத்தில் 12 போரில் 20 போர் தோட்டாவைப் போட்டுவிட்டார். அது வழுக்கி உள்ளே போய்க் குழலில் சிக்கிக்கொண்டது. வெடிக்கவில்லையே, போட மறந்துவிட்டோம் போல என்று பின்னாலேயே 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டார். குழல் பிளந்து இடக்கை விரல் இரண்டு போயின. ஆகவே ஒரு வீட்டில் ஒரே போர் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய துப்பாக்கி மலிவாக வருகிறதென்றால் தோட்டா அறையின் நீளத்தைக் கட்டாயம் பாருங்கள். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதில் நுழையும், மூடவும் மூடும். சுடும்போதுதான் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலில் நெளிவு, துருக்குழி, மூடியபின் ஆட்டம் ஏதாவது இருந்தால் விட்டுவிடுங்கள். விஷயம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து 'சோக்' என்னும் குழல் வாய்க் குறுக்கம். 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள், குறுக்கமில்லாத குழல் ஏறத்தாழ 40 சதவீத ரவைகளைச் சேர்க்கும். முழுக் குறுக்கம் 70 சதவீதம் சேர்க்கும். பன்றிக்குச் சிறு ரவை உதவாது. அடிபட்டு ஓடும் பன்றி துன்பப்படும், எதிர்ப்படும் ஆளையும் கிழிக்கும். எஸ்.ஜி., எல்.ஜி. போன்ற பெரிய குண்டுகளே வேண்டும், அதுவும் கிட்டத்தில்தான். ஒற்றைக் குண்டுத் தோட்டா என்றால் அந்தச் சோக்குக்கு அது பொருந்துமா என்று கேட்டுக்கொள்க.

கடைசியாக, துப்பாக்கி உடம்புக்குப் பொருந்த வேண்டும். வெற்றுத் துப்பாக்கியைக் கண்ணை மூடித் தோளில் ஏற்றிப் பிறகு கண்ணைத் திறங்கள். பார்வை குழல் நேராக ஓடினால் அது உங்களுடையது. கழுத்தை வளைக்க வேண்டியிருந்தால் வேறு பாருங்கள்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ முதல்ல வேலியைப் பலப்படுத்திப் பார்க்கிறேன்" என்றார். அதுவும் நல்ல தேர்வுதான். துப்பாக்கி வாங்குவோர் தோட்டாவை ஒரு பூட்டிலும் துப்பாக்கியை மறு பூட்டிலும் வைக்கட்டும். இலை அசைந்தது என்பதற்காக ஒருபோதும் விசையைத் தொட வேண்டாம். இலைக்குப் பின்னால் நிற்பது பக்கத்துத் தோட்டத்துக்காரராகவும் இருக்கலாம்.