தூத்துக்குடிக்கு வந்த பேய்!

ஜி.வி.பிரகாஷ் கதாநாயகனாகத் திரைக்கு வந்ததே ஒரு பேயின் புண்ணியத்தில்தான்! 2013-ல் தெலுங்கில் 'பிரேம கதா சித்திரம்' என்று சிரிக்கவைத்த பேய், கன்னடத்தில் 'சந்திரலேகா'வாகி, 2015 பொங்கலுக்குத் தமிழில் 'டார்லிங்' ஆனது.

2025 மார்ச்சில் வந்த அவரது 25-வது படம் 'கிங்ஸ்டன்', பேயைத் தூத்துக்குடிக் கடலுக்கே கூட்டிவந்துவிட்டது. தமிழோடு தெலுங்கும் பேசிய பேய். ஆனால், சிரிப்பு ரொம்பக் குறைவு. கமல் பிரகாஷ் இயக்கிய கதையில், தூவத்தூர் மீனவர்கள் கடலுக்குப் போனால் உயிரோடு திரும்புவதில்லை. வலையை நம்பிய வீட்டில் அப்புறம் அடுப்பு எப்படி எரியும்? பின்பாதி ஜாம்பிகளைவிட இந்தக் கேள்விதான் பயமுறுத்துகிறது.

தூவத்தூர் கற்பனை. கடல் பயம் கற்பனையல்ல. முத்துக்குளிக்கும்போது சுறாவை மந்திரத்தால் கட்டிவைக்க ஆள் அமர்த்தி, இருபதில் ஒரு பங்கு முத்தைக் கூலியாகக் கொடுத்ததை மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார்.