இயந்திரக் கவசம்

வீரனின் மெய்யைக் காத்தலே பண்டைக் கவசத்தின் தொழில். அவன் வலிமையைப் பெருக்கும் கவசமோ விஞ்ஞானப் புனைகதை தந்தது. 1959 இல் அமெரிக்கரான றொபேட் ஹைன்லைன் வெளியிட்ட 'ஸ்டார்ஷிப் ட்றூப்பர்ஸ்' நாவலில் அது தெளிவான உருப்பெற்றது. ஆங்கே கவசத்தின் உட்புறக் கருவிகள் உடலசைவின் அழுத்தத்தை உணர, இயந்திரம் அவ்வசைவைப் பன்மடங்காக்கும். அதனை இயக்கும் முறைபற்றி வீரன் சிந்திக்க வேண்டுவதில்லை. 1974 இல் ஜோ ஹால்ட்மன் எழுதிய 'த ஃபொறெவர் வோர்' என்னும் நாவலோ, சிறு கவனக்குறைவாலும் அணிந்தவனே அக்கவசத்துள் மாளக்கூடும் எனக் காட்டிற்று.

இவ்வச்சம் வெறுங் கற்பனையன்று. ஜெனரல் எலெக்ட்றிக் கம்பனி 1960களில் 1500 இறாத்தல் தூக்குதற்கென அமைத்த 'ஹார்டிமன்', முழுமையாக இயக்கப்பட்டபோது கட்டுக்கடங்காது குலுங்கிற்று; ஆதலின் மனிதனை உள்ளே வைத்து அதனை முழுமையாக இயக்கத் துணிந்தாரில்லர். வலிமையை ஆக்குதலினும் அதனை அணிந்தவன் கருத்துக்கு அடங்கச் செய்தலே அரிதென்பது இதனாற் புலனாகும்.