எல்லா ரத்தமும் மூலம் அல்ல

மலத்தோடு ரத்தம் போனால், வேலூர் அருகே உள்ள திமிரி பக்கம் பெரியவர்கள் முதலில் சொல்வது 'உடம்புச் சூடு', அடுத்தது மூலம். பல நேரம் மூலம்தான். ஆனால் அறுபதைத் தாண்டியவருக்கு வலியே இல்லாமல் விட்டுவிட்டு ரத்தம் போகிறது, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், குடலின் உட்சுவரில் புடைத்துப்போன நுண்ணிய ரத்த நாளங்களையும் சந்தேகிக்க வேண்டும். மருத்துவர்கள் இதை 'ஆஞ்சியோடிஸ்பிளேசியா' என்கிறார்கள்.

இது புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் 5 மில்லிமீட்டர்கூட இல்லாத சிவப்புப் புள்ளி. குடல்வால் ஒட்டியிருக்கும் பெருங்குடலின் தொடக்கப் பகுதியில்தான் அதிகம் வரும். குடல் தசை சுருங்கும்போதெல்லாம் அதனூடே போகும் சிரைகள் நெரிபடுகின்றன. பல ஆண்டுகள் இப்படியே நடந்தால் உள்ளே இருக்கும் நாளங்கள் விரிந்து தளர்ந்துவிடும் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்காட் போலியின் குழு 1977இல் விளக்கியது.

ரத்தக்கசிவு பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். நிற்காவிட்டால், கொலோனோஸ்கோப்பி வழியே ஆர்கான் வாயுவில் மின்சாரம் பாய்ச்சி அந்த இடத்தைச் சுட்டுவிடுவார்கள். அங்கே குடல்சுவர் மெல்லியது. சூடு கூடினால் ஓட்டை விழுந்துவிடும்.

இதற்கும் அடங்காதபோதுதான் கத்தி. வலப்பக்கப் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை மிச்சக் குடலோடு இணைப்பார்கள். வெட்டுவதைவிட, கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதே கடினம். ஒரு காலத்தில் இடம் தெரியாமலே குடலை வெட்டினார்கள். வெட்டிய பிறகும் சிலருக்கு ரத்தம் நிற்கவில்லை. கசிவு சிறுகுடலில் என்றால் தேடல் இன்னும் நீளும். வயிற்றைத் திறந்து, எண்டோஸ்கோப்பைக் குடலுக்குள் விட்டு, அதன்மேல் குடலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். அறுவை அரங்கின் விளக்கை அணைத்தால், உள்ளிருக்கும் வெளிச்சத்தில் குடல்சுவர் ஒளிரும். புடைத்த நாளம் வெளியிலிருந்தே தெரியும். அந்த இடத்தில் ஒரு தையல் போட்டு அடையாளம் வைத்துவிட்டு மேலே நகர்வார்கள்.

திமிரிக்காரர்கள் இதற்கு வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். போகும்போது இதயக் கோளாறு இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதயத்தின் மகாதமனி வால்வு சுருங்கியவர்களுக்கு இந்தக் குடல் கசிவும் வருவதை 1958இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்டு ஹைடு எழுதினார். சுருங்கிய வால்வை ரத்தம் பீறிட்டுக் கடக்கும்போது, அது உறைய உதவும் வான் வில்பிராண்டு புரதம் சிதைகிறது என்பது பின்னாளில் தெரிந்தது. வால்வை மாற்றியதும் பலருக்குக் கசிவு நிற்கிறது. குடலை வெட்டியும் வால்வை அப்படியே விட்டால், வேறொரு புள்ளியில் ரத்தம் மறுபடி கசியலாம். அதனால் வயிற்றில் கத்தி வைக்கும் முன் இதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.